வழியில் ஓர் ஊர்

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் இரண்டு ரகம் உண்டு. "கதாநாயகியை ஏன் ஐயா கொன்றுவிட்டீர்?" என்று சண்டைக்கு வருகிற கடிதம் ஒரு ரகம். "பதினேழாம் அத்தியாயத்தில் பௌர்ணமி, பதினெட்டாம் அத்தியாயத்தில், மறுநாளே, அமாவாசை இருட்டு. இது எந்த ஊர்ப் பஞ்சாங்கம்?" என்று கேட்கிற கடிதம் இன்னொரு ரகம். முதல் ரகம் வந்தால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிடலாம். இரண்டாவது ரகம் வந்தால் சாப்பாடே இறங்காது.

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. இந்தக் காலத்திலும் தபால் கார்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே ஒரு சந்தோஷம். ஆனால் விஷயம் இரண்டாவது ரகம்.

"தங்கள் கதையில் சென்னைப் பட்டணம் பிறக்கிறது. கடல் வருகிறது, கப்பல் வருகிறது, பிரான்சிஸ் டே துரை வருகிறார். இடத்தைக் கொடுத்தவர் மட்டும் வரவில்லை. அவர் இருந்த ஊர் பூவிருந்தவல்லி. தாங்கள் அந்த ஊர் வழியாக எத்தனையோ முறை போயிருப்பீர்கள். ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம்."

கீழே கையெழுத்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்ற குறிப்பு.

கடைசி வாக்கியம்தான் தைத்தது. உண்மையிலேயே எத்தனையோ முறை போயிருக்கிறேன். காஞ்சிபுரத்துக்குப் போகும்போதும் வேலூருக்குப் போகும்போதும் பெங்களூருக்குப் போகும்போதும் அந்த ஊர் வழியில் வரும். "பூந்தமல்லி வந்துவிட்டது, இனி பஸ் வேகமாகப் போகும்" என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடித் தூங்கியிருக்கிறேனே தவிர, இறங்கிப் பார்த்தது கிடையாது. சில மனிதர்களுக்கும் இப்படி ஒரு தலையெழுத்து உண்டு. எல்லோரும் அவர்களைக் கடந்து எங்கேயோ போவார்கள். அவர்களிடம் வந்தேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 54-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன்.

*

போரூரைத் தாண்டியதும் சாலையின் நடுவே மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி என்று கண்டக்டர் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பெயர்களைக் கவனித்தீர்களா? சாவடி, சாவடி என்று முடிகின்றன. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பிரயாணம் செய்த காலத்தில் வழிப்போக்கர்கள் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்க்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் தங்கிய இடங்கள் சாவடிகள். பட்டணத்துக்குள் நுழைவதற்கு முன்னால் கடைசி இளைப்பாறல் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டடம் போய்விட்டாலும் பெயர் போகவில்லை. சரித்திரத்தைக் காப்பாற்றுவதில் பஸ் கண்டக்டர்களுக்கு ஈடு யாருமில்லை!

பூந்தமல்லியில் இறங்கி, ஒரு டீக்கடையில் நின்று, "இங்கே பழைய கோட்டை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"கோர்ட்டா சார்? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. லீவு" என்றார் டீக்கடைக்காரர்.

"கோர்ட் இல்லை, கோட்டை."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். "கோட்டையெல்லாம் செஞ்சியில இருக்கு சார். பஸ் மாறணும்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வெள்ளை வேஷ்டி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, கையில் குடை. எழுபத்தைந்துக்கு மேல் வயதிருக்கும்.

"தபால் கார்டு எழுதியவன் நான்தான், தம்பி. நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை."

*

முதலில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனார். "ஊரின் பெயருக்கே இங்கேதான் வேர்" என்றார்.

பூவிருந்தவல்லி என்பதுதான் பூந்தமல்லி என்று தேய்ந்தது. வெள்ளைக்காரர்கள் அதை இன்னும் கொஞ்சம் தேய்த்து 'பூனமல்லி' ஆக்கினார்கள். தாயாருக்குப் புஷ்பவல்லி என்று திருநாமம். ஆகையால் பூவுக்கும் இந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம் ஆயிரம் வருஷத்துச் சம்பந்தம்.

அந்தப் பூவை நினைக்கும்போது கூடவே ஒரு மனிதரையும் நினைக்க வேண்டும். திருக்கச்சி நம்பிகள் இந்த ஊரில் அவதரித்தவர், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், குலத்தால் வைசியர். நந்தவனத்தில் பூப் பறித்து, மாலை கட்டி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்துவாராம். அங்கே அவருக்கு ஆலவட்டக் கைங்கரியம். அதாவது விசிறி வீசுகிற வேலை. அவர் வீச வீச, வரதர் அவரோடு பேசினார் என்பது குரு பரம்பரைக் கதை.

இராமாநுஜர் தம் மனத்தில் இருந்த சந்தேகங்களை நம்பிகளிடம் சொல்லாமலே, "பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று வேண்டிக்கொண்டார். நம்பிகள் கேட்டு வந்து சொன்ன விடைகளை 'ஆறு வார்த்தைகள்' என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். கேட்டவருக்கும் கேள்வி தெரியும், விடை சொன்னவருக்கும் கேள்வி தெரியும்; நடுவில் இருந்தவருக்குத் தெரியாது. தூது என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

இன்னொரு சம்பவமும் உண்டு. அந்த நம்பிகளை இராமாநுஜர் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்பது ஆசை. அவர் வெளியே போயிருந்த சமயத்தில் நம்பிகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், மனைவியார் வீட்டைக் கழுவி மெழுகி, ஸ்நானமும் செய்துவிட்டு மறுபடி சமைத்துக்கொண்டிருக்கிறார். வந்து சாப்பிட்டவர் வேறு குலத்தவர் அல்லவா? இராமாநுஜருக்கு நெஞ்சு ஆறவில்லை. அவர் பின்னால் இல்லறத்தை விட்டதற்குக் காரணமாகச் சொல்லப்படும் சம்பவங்களில் இது ஒன்று.

வயதான காலத்தில் நம்பிகளால் காஞ்சிக்கு நடக்க முடியவில்லை என்றும், பெருமாளே இங்கே வந்து காட்சி கொடுத்தார் என்றும் தலபுராணம் சொல்லுகிறது. காஞ்சி வரதர் மட்டுமல்ல. திருவரங்கத்து அரங்கநாதரும் திருமலை ஸ்ரீநிவாசரும் கூட வந்தார்களாம். மூவருக்கும் இந்தக் கோயிலில் சந்நிதிகள் இருக்கின்றன. நம்பிகளுக்கும் தனிச் சந்நிதி உண்டு.

"எல்லோரும் இந்த ஊரை விட்டு எங்கேயோ போகிறார்கள் என்கிறீர்களே. இவரைத் தேடிக்கொண்டு மூன்று பேர் வந்திருக்கிறார்கள், பாருங்கள்!" என்றார் ஆசிரியர். நான் அப்படிச் சொல்லவே இல்லை. மனத்தில் நினைத்தது முகத்தில் தெரிந்துவிட்டது போலும்.

*

அங்கிருந்து பழைய மசூதிக்குப் போனோம். அதில் ஒரு பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. எனக்குப் பாரசீகம் தெரியாது; ஆசிரியருக்கும் தெரியாது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பதை அறிஞர்கள் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷா காலத்தில், அஸ்தராபாத்தைச் சேர்ந்த ஜுல்பிகாரின் மகன் ருஸ்தும், 1653-ஆம் ஆண்டில் கட்டிய மசூதி இது.

அஸ்தராபாத் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? ஈரான் தேசத்தின் வடகோடியில், காஸ்பியன் கடலுக்குப் பக்கத்தில். இப்போது அதற்குக் குர்கான் என்று பெயர். அந்தக் கடலோரத்து மனிதர் ஒருவர் நம் பாலாற்றுச் சீமைக்கு வந்து, பூந்தமல்லியில் கல்லெடுத்து மசூதி கட்டி, தம் பெயரோடு தகப்பனார் பெயரையும் சொந்த ஊரின் பெயரையும் மறக்காமல் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். கல்லில் எழுதும்போது சொந்த ஊரை எழுதினார் என்றால், அந்த ஊரை எவ்வளவு நினைத்திருப்பார்!

அவர் வந்த வழி கோல்கொண்டாவின் படையெடுப்பு வழி. 1640-களில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இந்தப் பிரதேசத்தைப் பிடித்தான். அவனும் பாரசீகத்தில் பிறந்தவன்தான். வைர வியாபாரியாக வந்து மந்திரியாக உயர்ந்தவன். பின்னால் ஔரங்கசீப்பின் பக்கம் சேர்ந்து வங்காளத்துக்கே கவர்னர் ஆனவன். அவன் பிடித்தபோது கைமாறிய ஊர்களில் பூந்தமல்லியும் ஒன்று. அதற்கு முன்னால் இங்கே இருந்தவர்தான் தபால் கார்டில் வந்த மனிதர்.

*

மசூதிக்குச் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டோம். "இப்போது உங்கள் கதைக்கு வருவோம்" என்றார் ஆசிரியர். தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் வாத்தியாரின் குரல் அது.

சந்திரகிரியில் விஜயநகரத்து ராயர். அவருக்குக் கீழே தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். வேங்கடப்பர் இருந்தது வந்தவாசியில். கடற்கரைப் பக்கத்து நிர்வாகம் அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் கையில். அவர் இருந்த ஊர் பூந்தமல்லி. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள். தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர்கள். இருவருக்கும் ஓயாத சண்டை. நடுவில் மூன்றாவது ஒருவனைக் குடிவைத்தால் சண்டையும் ஓயும், வியாபாரமும் பெருகும் என்பது தம்பியின் யோசனை. பிரான்சிஸ் டே துரையோடு நடந்த பேச்சில் முன்னின்றவர் அவர்தான். 1639-ஆம் ஆண்டில் சாசனம் கிடைத்தது. மறு வருஷம் பிப்ரவரியில் கும்பினிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். சகோதரர்களின் தகப்பனார் சென்னப்ப நாயக்கர். அவருடைய பெயர்தான் பட்டணத்துக்குச் சென்னை என்று நின்றது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட விஷயம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் தஸ்தாவேஜில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்" என்று தொடர்ந்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த அங்கபூபாலர் என்பவர் தெலுங்கில் 'உஷா பரிணயம்' என்ற காவியம் எழுதியிருக்கிறார். உஷைக்கும் அநிருத்தனுக்கும் கல்யாணம் செய்து வைக்கும் காவியம். அதிலே குடும்பப் பெருமை பேசும் இடத்தில், பழவேற்காட்டாரும் மயிலாப்பூராரும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் இரண்டுக்கும் நடுவில் தந்தையின் பெயரால் ஐயப்பர் சென்னப்பட்டணத்தை உண்டாக்கினார் என்று சொல்லியிருக்கிறார்.

நான் வாய் திறக்கவில்லை. கதை எழுதுவதற்காக ஆறு மாதம் புத்தகங்களைப் புரட்டியவன் நான். அந்தப் புத்தகங்களில் ஐயப்ப நாயக்கர் இல்லாமல் இல்லை. இரண்டு வரியில் வந்தார். நான் கப்பலையும் கடலையும் பார்த்துக்கொண்டு அந்த இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன். பஸ்ஸில் தாண்டினேன் அல்லவா, அதே மாதிரி.

இடம் கொடுத்த ஊருக்கும் இடம் பெற்ற ஊருக்கும் பின்னால் உறவு எப்படி இருந்தது? பெரும்பாலும் சம்பந்தி உறவுதான். 1680-ஐ ஒட்டிப் பூந்தமல்லியில் கோல்கொண்டாவின் அதிகாரியாக லிங்கப்பா என்பவர் இருந்தார். கோட்டையில் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் கவர்னர். பணத் தகராறு முற்றியது. லிங்கப்பா கோட்டைக்குப் போகிற உணவுப் பொருள்களை வழியிலேயே நிறுத்திவிட்டார். கடலை ஆள வந்தவர்களின் அடுப்பு, பூந்தமல்லியார் மனம் வைத்தால்தான் எரியும் என்று இருந்த காலம் அது! 1687-இல் கோல்கொண்டாவே ஔரங்கசீப்பிடம் விழுந்தது. பிறகு ஆற்காட்டு நவாபுகள் வந்தார்கள். 1763-இல் நவாப் முகமது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நூற்றிருபத்து நாலு வருஷத்தில் குடிவந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிட்டான்.

*

"கோட்டையைக் கேட்டீர்களே" என்று எழுந்தார்.

கும்பினியின் காலத்தில் பூந்தமல்லி ஒரு பட்டாள ஊர். கப்பலில் புதிதாக வந்து இறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களையும், உடம்பு கெட்டுப்போன சிப்பாய்களையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கடல் காற்றும் பட்டணத்துக் கள்ளுக்கடையும் இல்லாத தூரம் என்பது காரணமாயிருக்கலாம். எத்தனை பேர் இங்கே தேறி எழுந்து படைக்குப் போனார்களோ, எத்தனை பேர் எழாமலே போனார்களோ! அஸ்தராபாத்தை நினைத்த ருஸ்துமைப் போல, அவர்களும் ஏதோ ஒரு ஸ்காட்லாந்து கிராமத்தையோ அயர்லாந்துக் குடிசையையோ நினைத்துக்கொண்டு இந்த ஊர் வெயிலில் படுத்திருந்திருப்பார்கள்.

கோட்டை என்று கைகாட்ட மதிலோ கொத்தளமோ எங்கள் கண்ணில் படவில்லை. வெயில் மட்டும் அப்படியே இருந்தது. நடந்து நடந்து கடைசியில் ஓர் உயரமான மதிலுக்கு எதிரே வந்து நின்றோம்.

"டீக்கடைக்காரர் சொன்னது தப்பில்லை, தம்பி. இதுதான் இப்போது எங்கள் கோட்டை" என்றார்.

தனி நீதிமன்றம். ராஜீவ் காந்தி கொலை வழக்கு விசாரணை பூந்தமல்லியில்தான் நடந்தது. 1998-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி, குற்றம் சாட்டப்பட்ட இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை என்று தீர்ப்பாயிற்று. அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் அதை நாலு பேருக்கு மட்டும் என்று குறைத்தது. பிற்காலத்தில் அவர்களுடைய தண்டனைகளும் குறைக்கப்பட்டன. அன்றைக்கு உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் இந்த ஊரின் பெயர் வந்தது.

"ஆயிரம் வருஷத்தில் ஒரு நாள்தான் எல்லோரும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். அதுவும் இதற்காக" என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு, "வாருங்கள், எங்கள் ஊரை ஏமாற்றியவனையும் பார்த்துவிடலாம்" என்று ஆவடி பஸ்ஸில் ஏற்றினார். ஏமாற்றியவன் யார் என்று கேட்டேன்.

"ரயில்."

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போயிற்று. மேற்கே போகிற ராஜபாட்டை அதுவரை பூந்தமல்லிச் சாலைதான். ஆனால் தண்டவாளம் அந்தச் சாலையோடு வரவில்லை. வடக்கே விலகி, அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று போய்விட்டது. இதற்கு ஒருவர் மேலும் குற்றம் இல்லை. எஞ்சினீயர் துரை வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறார். கோடு அரை அங்குலம் மேலே போகிறது. கீழே இருக்கிற ஊருக்கு நூற்றைம்பது வருஷம் அஸ்தமனமாகி விடுகிறது.

மேலே இருந்த ஊர்களுக்கு என்ன வந்தது? இரண்டாவது உலக யுத்தத்தில் ஆவடியில் பெரிய ராணுவத் தளம் அமைந்தது. ஆவடி என்ற பெயரே ராணுவக் கிடங்கின் ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து உண்டானது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். யுத்தம் வருவதற்கு வெகு காலம் முன்பே ரயில்வே அட்டவணையில் ஆவடி இருந்தது. 1955 ஜனவரியில் இங்கே பந்தல் போட்டு, சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்து, தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. 'சோஷலிஸ மாதிரியான சமுதாயம்' என்று தேசத்தின் பாதையை வகுத்த தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். பத்து வருஷம் கழித்து, 1965-இன் கடைசியில், இதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' டாங்க் உருண்டு வெளியே வந்தது.

அம்பத்தூரில் 1949-இல் முருகப்பா குடும்பத்தாரின் சைக்கிள் தொழிற்சாலை. 1960-களில் தொழிற்பேட்டை. என் தகப்பனார் வாங்கிய முதல் வாகனம் அந்தத் தொழிற்சாலையில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிள். அதைத் துடைத்து வைக்கும் பக்தி எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக்கூடக் கிடையாது. பழைய கட்டடம் என்றால் கோயிலும் கோட்டையும்தானா? சங்கு ஊதினதும் ஆயிரம் சைக்கிள் வெளியே வந்த தொழிற்சாலை வாசலும் ஒரு கோபுர வாசல்தான் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

*

மாலையில் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில். குறும்பர்களோடு போரிடப் போன தொண்டைமானின் யானைக் கால் முல்லைக்கொடியில் சிக்கியது. அவன் வாளால் வெட்டினான். கீழே இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து இரத்தம் பெருகியது என்பது தலபுராணம். அந்தக் காயத்துக்காக இன்றைக்கும் லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக் காப்பு. வருஷத்தில் ஒரு முறை, சித்திரைச் சதயத்தில் மாற்றுவார்கள். பகைவனின் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் சந்நிதி முன்னால் நிற்கின்றன. நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம்.

ஒரு தவறான வெட்டு. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சந்தனம். இதைக் கேட்டபோது எனக்கு வேறொரு ஊர்க் கோயில் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். அங்கே திருப்பணி நடந்த சமயம் நான் போயிருந்தேன். காற்றழுத்த யந்திரத்தில் மணலை வைத்து வெளிச்சுவர்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கல் பளபளவென்று புதுமாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சுவரில் இருந்த எழுத்து? ஒரு நெல்லின் கனம்கூட ஆழமில்லாத எழுத்து அது. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு வைத்தார், ஏரிக்கரையை யார் உயர்த்தினார் என்று ஊர் மக்கள் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்த ஊர்க்கணக்கு. ஒரு மத்தியானத்தில் போய்விட்டது. "அழுக்கெல்லாம் போயிடுச்சு பாருங்க சார்!" என்று வேலை செய்தவர் என்னிடம் பெருமையோடு சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது எழுத்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் என்னைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே, "அதற்குத்தான் கல்வெட்டு இலாகாவார் நூறு வருஷத்துக்கு முன்னாலிருந்தே ஊர் ஊராகப் போய் மைப்படி எடுத்து வைத்தார்கள். செம்பியன் மாதேவியார் இந்தக் கோயிலுக்கு நிலம் விட்டதை அப்படித்தான் நாம் அறிகிறோம். கல்லில் போனால் காகிதத்தில் இருக்கும். காகிதத்திலும் போனால் யாருடைய வாயிலாவது இருக்க வேண்டும்" என்றார்.

*

இரவு ஏழு மணிக்குத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றோம். 1856-இல் போட்ட அதே தடம்.

"ஆகஸ்டு 22-ஆம் தேதியைச் சென்னை தினம் என்று 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள், தெரியுமல்லவா?" என்றார். "பட்டணத்தில் பேச்சு, கண்காட்சி, நடைப்பயணம் எல்லாம் நடக்கிறது. நான் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெருமாள் கோயில், மசூதி, சாவடி எல்லாம் சுற்றிக் காட்டுவேன். இடம் கொடுத்தவர் இங்கே இருந்தார் என்று சொல்லுவேன். முதல் வருஷம் முப்பது பிள்ளைகள் வந்தார்கள். போன வருஷம் நாலு பேர்."

நான் பதில் சொல்லவில்லை.

"நாலு பேர் போதும், தம்பி. மெட்ரோ ரயில் வருகிறது. ரயில் எங்களை விட்டுப் போய், திரும்பி வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ரயில் வந்தால் ஜனங்கள் வருவார்கள். வருகிறவர்கள், 'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்பார்கள். அன்றைக்குப் பதில் சொல்ல யாராவது வேண்டும். எனக்கு முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. அடுத்த ஆகஸ்டில் நீங்கள் வர முடியுமா?"

ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாக, "வருகிறேன், ஐயா" என்றேன். சத்தத்தில் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, குடையை உயர்த்திக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தபால் கார்டைத் தேடினேன். தபாலாபீஸில்தான் கிடைக்கும் என்று மகள் சொன்னாள். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்றில், ஆகஸ்டு 22-ஆம் தேதி காலை ஆறு மணிக்குப் பூவிருந்தவல்லிப் பெருமாள் கோயில் வாசலில் நிற்பேன் என்று ஆசிரியருக்கு எழுதினேன். மற்றொன்றைப் பதிப்பாளருக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் முதல் அத்தியாயத்தை மாற்ற வேண்டும்; கப்பல் வருவதற்கு முன்னால் ஒரு நாயக்கர் வருவார் என்று.